அப்பாவுக்கு சி.டி. எழுதியிருக்கிறார்கள்: எடுக்கும் முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

வாசகர் கேள்வி:

"என் அப்பாவுக்கு வயது 61. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பதினாலு வருஷமாகச் சர்க்கரை. 2019-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். மூன்று மாதமாக மேல்வயிற்றில் வலி, எடையும் 6 கிலோ இறங்கிவிட்டது. அல்ட்ரா சவுண்டில் கணையத்தை கேஸ் மறைத்திருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். கான்ட்ராஸ்ட் ஊசியோடு வயிற்று சி.டி. எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். ஒரு சி.டி. 300 எக்ஸ்ரேக்குச் சமம், கேன்சர் வரும், கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கலாமே என்கிறார் சித்தப்பா. கிரியேட்டினின் 1.4 இருக்கிறது. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்பார்மினை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் வரச் சொல்கிறது ஸ்கேன் சென்டர். அப்பாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்ல வேண்டுமா? கூடப் போக நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்கு இது நாலாவது மாதம். என்ன செய்வது?"
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த ஸ்கேன் அப்பாவுக்குத் தேவை. கான்ட்ராஸ்ட்டோடுதான் தேவை. தள்ளிப்போட வேண்டாம். நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் அவர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

காரணம் இது. கணையம் வயிற்றின் பின்பக்கத்தில், இரைப்பைக்கும் குடலுக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. அல்ட்ரா சவுண்டின் ஒலி அலைகள் காற்றைத் தாண்டிப் போவதில்லை. குடலில் கேஸ் இருந்தால் பின்னால் இருப்பது தெரியாது. 'கேஸ் மறைத்திருக்கிறது' என்று எழுதியிருந்தால் 'கணையத்தை நான் பார்க்கவில்லை' என்று பொருள். கணையம் நன்றாக இருக்கிறது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரைக்காரர் ஒருவருக்கு மேல்வயிற்று வலியோடு எடையும் இறங்கும்போது, அந்த உறுப்பைப் பார்க்காமல் விடுவது சரியில்லை. பார்த்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், பித்தநாளக் கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். எதுவானாலும் சீக்கிரம் தெரிவது நல்லது.

'ஊசி இல்லாமல் சும்மா எடுத்துக் கொடுங்களேன்' என்று கேட்பவர்கள் நிறைய. சிறுநீரகக் கல்லுக்கு என்றால் நானே ஊசி வேண்டாம் என்பேன். கல் அப்படியே வெள்ளையாகத் தெரியும். கணையத்துக்கு அது பொருந்தாது. கான்ட்ராஸ்ட் என்று கையில் ஏற்றும் அயோடின் கலந்த திரவம் ரத்தத்தோடு ஓடி, சுமார் 40, 45 விநாடியில் நல்ல கணையத்தை நிரப்பி வெளுப்பாகக் காட்டும். பழுதுபட்ட இடம் அந்த அளவு நிரம்பாமல் கொஞ்சம் கறுப்பாக நிற்கும். எழுபது விநாடி வாக்கில் இன்னொரு முறை எடுத்தால் கல்லீரல் தெளிவாகத் தெரியும். ஊசி இல்லையென்றால் எல்லாமே ஒரே சாம்பல் நிறம். கதிர்வீச்சையும் வாங்கிக்கொண்டு, கேள்விக்கும் பதில் கிடைக்காமல் வருவீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதியிருக்கும் சிலதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்கேன் சென்டரில் பணம் கட்டியதும் ஒரு தாள் தருவார்கள். அலர்ஜி உண்டா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, உடம்பில் உலோகம் உண்டா என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். கூட வந்தவர் பேனாவை வாங்கி மேலிருந்து கீழ்வரை 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்து, நோயாளியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார். எந்தச் சென்டரிலும் தினமும் நடப்பது இது. உள்ளே போய் ஊசி ஏற்றுபவர் அந்தத் தாளை நம்பித்தான் ஏற்றுகிறார். ஆகவே அந்தத் தாளை நீங்கள் உட்கார்ந்து நிதானமாக, அப்பாவைக் கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். ஸ்டென்ட், சர்க்கரை, கிரியேட்டினின், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் எழுதுங்கள். 2019-ல் ஸ்டென்ட் வைக்க ஆஞ்சியோ செய்தபோது அப்பாவுக்கு ஏற்றியதும் இதே வகை அயோடின் மருந்துதான். அப்போது தடிப்பு, மூச்சுத் திணறல், வாந்தி ஏதாவது வந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். இந்தத் தாளிலேயே மிக முக்கியமான கேள்வி அது. முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறுமுறையும் அப்படி ஆக வாய்ப்பு அதிகம். தெரிந்தால் வேறு மருந்து போடுவார்கள், முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். 2019-ல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆஞ்சியோ முடிந்திருந்தால் அது உங்களுக்கு நல்ல சேதி.

இறால் விஷயம்: சொல்லுங்கள், எழுதுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் ஆகாது என்று டாக்டர்கள் சிலரே இன்னும் சொல்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாமல் போவது அதிலுள்ள புரதத்தால், அயோடினால் அல்ல. பொதுவாக அலர்ஜி உள்ள உடம்பு என்ற அளவில் கொஞ்சம் கவனிப்பார்கள், அவ்வளவுதான். ஆஸ்துமா இருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

சிறுநீரகத்துக்கு வருவோம். கிரியேட்டினின் 1.4 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர்தான் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) முக்கியம். 61 வயது ஆணுக்கு 1.4 என்றால் ஏறத்தாழ 57 வரும். அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.4 என்றால் 43 சுற்று. அப்பாவின் 57-க்கு கான்ட்ராஸ்ட் கொடுப்பதில் தடை எதுவும் இல்லை. 30-க்குக் கீழே போனால்தான் உண்மையான கவலை. அப்போதும் நோயின் அவசரத்தைப் பார்த்துக் கொடுப்பது உண்டு. அந்த ரிசல்ட் எத்தனை நாள் பழையது என்று மட்டும் பாருங்கள். நடுவில் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வலிக்காக மெடிக்கலில் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். பட்டறை வேலை பார்த்தவர்களுக்கு மூட்டு வலிக்கு இது பழக்கமாகவே இருக்கும். ஸ்கேனுக்கு ஓரிரு நாள் முன்பும் பின்பும் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். முந்தின நாளும் ஸ்கேன் முடிந்த பிறகும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். இதயத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு.

மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கான்ட்ராஸ்ட்டோடு சேர்ந்து விஷமாவதும் இல்லை. கான்ட்ராஸ்ட்டால் சிறுநீரகம் சுணங்கினால் மெட்பார்மின் வெளியேறாமல் உடம்பில் தங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் என்பதுதான் பயம். ஈஜிஎஃப்ஆர் 30-க்கு மேல் இருந்து, சிறுநீரகம் நிலையாக இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை என்பதே இன்று ஸ்கேன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் வழிகாட்டல். நம் ஊர் சென்டர்கள் பல இன்னும் எல்லோரையும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்கின்றன. இரண்டு நாள் நிறுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை. அதனால் சென்டரோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் சர்க்கரை டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஏனென்றால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மவர்கள் பலர் சாப்பிடுவது தனி மெட்பார்மின் இல்லை. க்ளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இரண்டு பெயரும் இருக்கும். க்ளிமிபிரைடு சர்க்கரையை நன்றாக இறக்கும் மருந்து. வெறும் வயிற்றில் வா என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வழக்கம்போல் காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்பி, பத்து மணி டோக்கன் பன்னிரண்டு மணிக்கு ஆகும்போது வியர்த்து, கை நடுங்கி, பெஞ்சில் சாய்ந்துவிடுபவர்களை எல்லா ஸ்கேன் சென்டர் ஊழியருக்கும் தெரியும். கான்ட்ராஸ்ட்டையும் கதிர்வீச்சையும் விட உங்கள் அப்பாவுக்கு அன்று காலை வரக்கூடிய நிஜமான ஆபத்து இது. காலை முதல் டோக்கன் கேளுங்கள், சர்க்கரைக்காரர் என்று சொல்லியே கேளுங்கள். சாப்பிடாத வேளையில் சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எப்படி என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ இருக்கட்டும். தலை சுற்றினால் 'ஸ்கேன் கெட்டுவிடும்' என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே கொடுங்கள், ஸ்கேனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் இப்போதுள்ள கான்ட்ராஸ்ட் மருந்துகளுக்குக் கடுமையான பட்டினி தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டல்களின் நிலை. முன்பு இருந்த மருந்துகள் வாந்தியைக் கிளப்பும். அந்தக் காலத்து விதி இன்னும் தொடர்கிறது. நாலு மணி நேரம் போதும் என்று சென்டர் சொன்னால் நாலு மணி நேரம்தான். முந்தின இரவு எட்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் இருப்பது தேவையில்லாத வீம்பு. வயிற்று அல்ட்ரா சவுண்டுக்கு மட்டும் பட்டினிக்கு அர்த்தம் உண்டு: சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிக்கொள்ளும், கேஸும் கூடும்.

ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளட்டும். ஸ்டென்ட்டுக்காகக் கொடுத்திருக்கும் ஆஸ்பிரினையோ க்ளோபிடோக்ரலையோ தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். சி.டி.க்கு அதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. 'எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வா' என்று யாரோ பொதுவாகச் சொன்னதைக் கேட்டு அதையும் நிறுத்துவதைப் போன்ற அபாயம் வேறில்லை.

சித்தப்பா சொல்லும் எம்.ஆர்.ஐ. பற்றி. அதில் கதிர்வீச்சு இல்லை என்பது சரி. அதனால் ஆபத்தே இல்லை என்பது சரியல்ல. அது ராட்சசக் காந்தம், 1.5 டெஸ்லா இயந்திரம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் முப்பதாயிரம் மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் விழித்தே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன உறவினர் ஒருவர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு இறந்தே போனார். அவர் நோயாளி அல்ல, கூட வந்தவர்.

அப்பாவின் ஸ்டென்ட் இதற்குத் தடையாக இருக்காது. இப்போது வைக்கும் ஸ்டென்ட்டுகள் அநேகமாக எல்லாமே எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவருபவை, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த கார்டைக் காட்டினால் போதும். என் கவலை வேறு: முப்பது வருஷப் பட்டறை. தகடு வெட்டி, கிரைண்டிங் வைத்து, வெல்டிங் பார்த்தவர் கண்ணில் என்றாவது இரும்புத் துகள் பட்டிருக்கும். கண்ணாடி போடாமல் வேலை பார்த்த காலம் அது. துகள் எடுக்கப்படாமல் உள்ளே தங்கியிருந்தால் காந்தம் அதை அசைக்கும், பார்வையே போகலாம். ஆகவே பின்னால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எழுதினால், அந்தத் தாளில் 'உலோக வேலை பார்த்தவர்' என்று எழுத மறக்காதீர்கள். சந்தேகமிருந்தால் முதலில் கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், இவற்றையெல்லாம் கேட்காமலே சொல்ல வேண்டும். வெள்ளி அரைஞாண், தாயத்து, மெட்டி, புடவையில் குத்திய ஊக்கு, சரிகைச் சேலை எல்லாம் வெளியே. மூக்குத்தி கழலவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். சரி, அப்பாவின் விஷயத்தில் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், ஆனால் சி.டி.யைப் பார்த்த பிறகு. பித்தநாளத்தையோ கணையத்தில் நீர்க்கட்டியையோ இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருந்தால் அதை உங்கள் டாக்டரே எழுதுவார்.

300 எக்ஸ்ரே கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆளாளுக்கு நெஞ்சு சி.டி. எடுக்க ஓடியபோது, டெல்லி எய்ம்ஸின் அப்போதைய இயக்குநர் ரன்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று சொன்னார். இந்திய ரேடியாலஜி சங்கம் மறுத்தது: புதிய இயந்திரங்களில் அளவு அதைவிட வெகுவாகக் குறைவு என்றது. இரண்டு தரப்பிலும் விஷயம் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகச் சின்னது, 0.02 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு. எதை அதால் வகுத்தாலும் பெரிய எண்தான் வரும். வயிற்று எக்ஸ்ரேயின் அளவான சுமார் 0.7-ஆல் வகுத்தால் அதே சி.டி. பத்துப் பன்னிரண்டு எக்ஸ்ரேயாக இறங்கிவிடும். வயிற்று சி.டி. ஒரு கட்டம் எடுத்தால் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். முன்பு சொன்னதுபோல் கணையத்துக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று என இரண்டு கட்டம் எடுத்தால் 15-ஐ எட்டலாம். ஸ்கேனே எடுக்காதவருக்கும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் மணலில் தோரியம் இருப்பதால் இன்னும் கூடுதல்.

கேன்சர் பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 10 மில்லிசீவர்ட் வாங்கும் 2000 பேரில் ஒருவர் அதன் காரணமாகப் பின்னாளில் புற்றுநோயால் இறக்கக்கூடும் என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லும் தோராயம். அந்த நாட்டில் ஸ்கேன் எதுவும் இல்லாமலே அந்த 2000 பேரில் ஏறத்தாழ 400 பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள். கதிர்வீச்சால் வருவது வெளியே தெரியப் பல வருஷம் ஆகும் என்பதால் 61 வயதுக்காரருக்கு அந்த ஒன்று இன்னும் குறையும். எட்டு வயதுக் குழந்தைக்குத் தலையில் லேசாக அடிபட்டதற்கெல்லாம் சி.டி. கேட்கும் பெற்றோரிடம் சித்தப்பா இதைச் சொல்லட்டும், நானும் சேர்ந்து சொல்கிறேன். அறிகுறி ஒன்றும் இல்லாமல் 'முழு உடம்பு சி.டி. பேக்கேஜ்' விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்களிடமும் சொல்லட்டும். அப்பாவின் வலிக்கு முன்னால் அது எடுபடாது.

கதிர்வீச்சைக் குறைக்க நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரே ஸ்கேனை இரண்டு தடவை எடுக்க விடாமல் பார்த்துக்கொள்வது. முடிந்ததும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ படங்களை வாங்கிக்கொள்ளுங்கள். மேல் சிகிச்சைக்கு வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினால் அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மறுபடி எடு என்பார்கள். சி.டி. இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

உங்களைப் பற்றி. தாராளமாகக் கூடப் போகலாம். வெளியே காத்திருக்கும் இடத்தில் உட்காருங்கள், சுவரும் கதவும் அதற்கென்றே கட்டப்பட்டவை. படம் எடுக்கும்போது மட்டும் உள்ளே நிற்கக் கூடாது. கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள், அப்பாவைப் படுக்க வைக்க ஊழியர் உதவுவார். முடிந்து வெளியே வரும் அப்பாவின் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. ஸ்விட்சை அணைத்ததும் எக்ஸ்ரே முடிந்துபோயிற்று. பக்கத்தில் உட்காரலாம், கை பிடித்துக் கூட்டி வரலாம். பெட் ஸ்கேனுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் கதிரியக்க மருந்தையே ஊசியில் ஏற்றுவார்கள், அந்த மருந்தின் வீரியம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அப்படி ஒன்று என்றாவது எழுதினால் அன்று வேறு யாரையாவது அனுப்புங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், பாதி பயம் போய்விடும். முழங்கை மடிப்பில் ஊசி குத்தி வைப்பார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொல்வார்கள். மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து சூடு கிளம்பி அடிவயிறு வரை இறங்கும், வாயில் இரும்புச் சுவை வரும், சிறுநீர் கழிந்துவிட்டது போலிருக்கும். ஒன்றும் கழிந்திருக்காது, அரை நிமிடத்தில் சரியாகும். 'மூச்சை இழுங்க, நிறுத்துங்க' என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது நிறுத்த வேண்டும், படம் தெளிவாக வருவது அதில்தான் இருக்கிறது. வீட்டில் இரண்டு தடவை பழகிப் பார்க்கட்டும். ஊசி ஏறும் இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, உடம்பு அரித்தாலோ உடனே குரல் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அடுத்த ஓரிரு நாளில் தோலில் தடிப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: டாக்டர் எழுதிய சீட்டு, அல்ட்ரா சவுண்ட் ரிப்போர்ட், கிரியேட்டினின் ரிசல்ட், 2019 டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள். சீட்டில் வெறும் 'வயிற்று சி.டி.' என்று மட்டும் இருந்தால், வலி, எடை இறக்கம், கணையம் தெரியவில்லை என்ற மூன்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த விநாடியில் எடுப்பது என்பதை ரேடியாலஜிஸ்ட் அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். செலவு கைக்கு மீறினால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அங்கே கட்டணம் வெகு குறைவு.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வார்த்தையாக இணையத்தில் தேட உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி, கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி என்று கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத இரண்டொன்று அறுபது வயதில் யாருக்கும் இருக்கும், பெரும்பாலும் அது ஒன்றுமில்லை. ஸ்கேன் எழுதிய டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்ட நேரத்தை இப்போதே வாங்கி வையுங்கள். முடிந்தால் ஸ்கேன் அன்றைக்கோ மறுநாளோ.